ஒற்றைக் கைக்கு ஓர் அடுக்களை

அந்த மனிதர் கடைக்குள் நுழைந்தபோது தோளில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. வெளியே சாரல். பெட்டி நனையக் கூடாதென்று அதன்மேல் உரச்சாக்கைப் போட்டு மூடியிருந்தார். அவருடைய சட்டைதான் தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

பெட்டியை மேஜைமேல் இறக்கிவைத்துவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த மிக்ஸிகளை வரிசையாகப் பார்த்தார்.

"இதவிடப் பெருசு இருக்காம்மா?"

சாக்கை விலக்கிப் பார்த்தேன். எங்கள் கடையில் வாங்கியதல்ல. ஏதோ பொருட்காட்சியில் வாங்கிய ஃபுட் பிராசசர். அரைக்க, நறுக்க, சீவ, மாவு பிசைய, சாறு பிழிய என்று பதினோரு உறுப்புகள். ஒவ்வொன்றும் வாங்கிய அன்றைய பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. மோட்டாரின்மேல் ஒரு மஞ்சள் கறைகூட இல்லை. புது வாசனை போகவில்லை.

"வீட்டுச் சாமான்ல இதுதாண்ணே பெருசு. இதுல என்ன பத்தல?"

"வீட்டுக்காரிக்கு ஒத்து வரல. பெருசா இருந்தா செரியா வரும்னு நெனச்சேன்."

அன்றைக்கு மதுரையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்திருந்தார். புதிதாக இறங்கியிருந்த ஒரு பெரிய மாடலைப் பற்றி முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தவர், 'பெருசு' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டார். முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். எடுத்துக் காட்டு என்று அர்த்தம்.

நான் எடுக்கவில்லை. "ஏண்ணே ஒத்து வரல? என்ன செய்ய முடியலன்னாக?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டில் இடது கை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இதுக்குக் கீழ இல்ல அவளுக்கு. மாட்டுக்குச் சோளத்தட்ட வெட்டுற மிஷின்ல போயிருச்சு."

கம்பெனி ஆள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "அப்படின்னா இந்த மாடல் கரெக்டா இருக்கும் சார். எல்லாமே மிஷினே செஞ்சிரும்" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்த ஜாரை எடுத்தேன். மூடியை அழுத்திப் பிடிக்க ஒரு கை, சுவிட்சைத் திருப்ப ஒரு கை. தகட்டைக் கழற்றினேன். அடியைப் பிடிக்க ஒரு கை, திருக ஒரு கை. பதினோரு உறுப்புகளில் ஒன்றுகூட ஒரு கைக்காரருக்காகச் செய்ததல்ல. அந்தப் பெரிய மாடலும் அப்படித்தான். எனக்கு அது மனப்பாடம்.

"வேணாம்ணே," என்றேன். "இதையும் வாங்காதீக."

பரணில் படித்தது

இந்த 'வேணாம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தேனியில் அந்த வீட்டு உபயோகப் பொருள் கடையில் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் இறங்குவார். பழனிசெட்டிபட்டி வீட்டில் பகலெல்லாம் நான் தனி. பொழுது போக வேலைக்குப் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கு மோட்டார் சத்தம் பிடிக்கும்.

சாமான் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் எப்படி ஓட்டுவது என்று செய்து காட்டுவது என் வேலை. ஊற வைத்த உளுந்தை அவர்களே வைத்திருப்பார்கள். நான் அரைத்துக் காட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வருவேன்.

அப்படிப் போகிற வீடுகளில் என் கண் பரணுக்குப் போகும். பரண்மேல் அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். சப்பாத்தி போடும் மிஷின், ரொட்டி வாட்டுவது, முட்டை அவிப்பது, பழச்சாறு பிழிவது. "இதெல்லாம் ஓடுறதில்லையா மதினி?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "யாரு எறக்கி, மாட்டி, கழுவி, ஏத்துறது?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று வந்து, கழுவுவதற்கு அரைமணி நேரம் வாங்கிக்கொள்கிற சாமான் பரணுக்குத்தான் போகும். கடைக்கு வருகிறவர்களிடம் விலையைச் சொல்லுமுன் நான் கேட்க ஆரம்பித்தேன். யார் கை படப்போகிறது, வாரத்தில் எத்தனை நாள், கழுவுகிறது யார். பதில் சரியில்லை என்றால் "வேணாம்" என்று சொல்லிவிடுவேன்.

நானாகப் படித்தது மட்டுமல்ல. குமுளியிலிருந்து ஒரு சேச்சி மாதம் ஒருமுறை சாமான் வாங்கத் தேனிக்கு இறங்குவார். ஒருநாள் நான் பத்து விதமான மின்சாரக் குக்கர்களைக் காட்டி முடித்ததும், மூலையில் கிடந்த, சூடு ஆறாமல் காக்கும் பானையைத் தொட்டு, "எனிக்கு இது மதி" என்றார், இது போதும் என்று. கால்மணி நேரம் அடுப்பில் கொதித்த அரிசியை அப்படியே அதற்குள் இறக்கி மூடிவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவாராம். வந்து பார்த்தால் கேரளத்து மட்டை அரிசி மலர்ந்து கிடக்குமாம். கரண்ட் வேண்டாம், காவல் வேண்டாம். அன்றைக்கே எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் பரண் ஏறாத சாமான்களில் அதற்குத்தான் முதலிடம்.

சரி, அந்த நனைந்த சட்டைக்காரரை நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

குடோனுக்கு அனுப்பினார்கள்

கம்பெனி ஆளின் முகம் சுருங்கியது. முதலாளியின் முகம் சிவந்தது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் விருந்தாளி முன்னால் மானம் போவதை எந்த வியாபாரி பொறுப்பார்?

"நீ எனக்கு வேல பாக்குறியா, வர்றவுகளுக்கு வேல பாக்குறியா?"

"ரெண்டு பேருக்குந்தான் மொதலாளி."

"நாளைல இருந்து நீ முன்னால நிக்க வேணாம். குடோன்ல போயி பெட்டிய அடுக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய மனிதரைப் பின்தொடர்ந்து படிவரை போனேன். அவர் பெயர் சவரிமுத்து. கோம்பைக்குக் கொஞ்சம் தள்ளி, திராட்சைத் தோட்டம். மனைவி பெயர் ஜெசிந்தா.

"என்னால ஒனக்கு வேல போயிருச்சாம்மா?" என்றார்.

"போகலண்ணே. எடம் மாறியிருக்கு, அம்புட்டுத்தான். ஒண்ணு கேக்கேன். ஏண்ணே பெருசு பெருசுன்னு தேடுறீக?"

அவர் சாக்கை இழுத்துப் பெட்டியை மூடினார். மூடிய பிறகும் அதை நீவிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு மிஷின் சுவிச்சப் போட்டது நாந்தாம்மா. அவ கைய வச்சிருந்தது தெரியாது. இருக்கதுலயே பெருசா ஒண்ணு வாங்கிக் குடுத்துறணும்னு இருக்கு. அவ ஒரு சொல்லு சொல்லல என்னய. அடுப்படிப் பக்கமும் போகல. எங்கக்கா வந்துதான் ஆக்கிப் போடுறாக. மகளுக்குப் புதுநன்மை வருது, அம்மாதான் சமைக்கணும்னு புள்ள ஏங்கிப் போயிக் கெடக்கு."

புதுநன்மை என்பது கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். கல்யாணம்போல் ஊர் கூடிச் சாப்பிடும் நாள்.

உள்ளே திரும்பிப் போய் முதலாளி முன்னால் நின்றேன்.

"ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் சாமான எடுத்துட்டுப் போக விடுங்க. அந்த அம்மாவுக்கு ஆகுறதக் கண்டுபிடிச்சு வித்துட்டு வாரேன். விக்கலன்னா குடோன்லயே கெடக்கேன்."

அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு கீறல் விழுந்தாலும் ஒம் பொறுப்பு" என்றார். வியாபாரி. விற்றுவிட்டு வருகிறேன் என்றவளை வேண்டாமென்று சொல்லவில்லை.

கட்டிப்போட்ட கை

அடுத்த நாள் காலையில் என் வலது கையை முதுகுப் பக்கமாக மடக்கி, ஒரு பழைய துண்டால் இறுகக் கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஜீப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"என்னடி கோலம் இது?"

"கட்டுங்க சொல்றேன்."

ஐந்து நாள் காலைச் சமையலை அப்படித்தான் செய்தேன். முதல் நாள் ஒரு வெங்காயத்துக்குத் தோற்றேன். கத்தியை வைத்தால் உருண்டது. அணைத்துப் பிடித்தால் வெட்டக் கையில்லை. மேடையிலிருந்து விழுந்து அடுப்புக்கடியில் போன வெங்காயத்தைப் பார்த்து நான் அழுதது வெங்காயக் கண்ணீர் இல்லை.

கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பிவிட்டு லைட்டரை எடுப்பதற்குள் வாசனை மூக்கில் ஏறியது. பயந்து அணைத்தேன். குக்கர் மூடியைப் பூட்டப் போனால், குக்கரும் சேர்ந்து சுற்றியது. மிக்ஸி மூடியைப் பிடிக்காமல் சுவிட்சைப் போட்டேன். தேங்காய்ச் சட்னி கூரையில் அப்பியது. அந்தக் கறை வெகுநாள் இருந்தது.

இரண்டு கையும் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலையில் இரண்டாவது கை என்ன செய்கிறதென்றே தெரியாது. பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் அதுதான் அதன் வேலை. நான் குடோனில் பெட்டி அடுக்கும்போது ஒவ்வொரு சாமானையும் எடுத்து இதைத்தான் பார்த்தேன். தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற சாமான் எது?

அப்படித் தேடியதில் எங்கள் கடையிலேயே சில ஒளிந்திருந்தன. மூடியின் இரண்டு பக்கமும் கொக்கி வைத்த மூன்று ஜார் மிக்ஸி ஒன்று. கொக்கியைப் போட்டுவிட்டால் மூடியைப் பிடிக்க வேண்டாம், அடியிலுள்ள ரப்பர் பாதம் மேடையை விடாது. பார்க்க அழகில்லை என்று யாரும் வாங்காமல் மூலையில் தூசி படிந்து கிடந்தது.

லைட்டர் இல்லாமலே, அமுக்கித் திருப்பினால் தானே பற்றிக்கொள்ளும் அடுப்பு இன்னொன்று. அப்போது அது பணக்கார வீட்டு ஆடம்பரம் என்றுதான் நானே நினைத்திருந்தேன். பலரிடம் 'வேணாம்' என்று சொல்லியுமிருக்கிறேன்.

கிரைண்டரில் எல்லாரும் சின்ன மேஜை கிரைண்டரைத்தான் அப்போது கேட்டார்கள். அதில் மாவு நிறைந்த பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி எடுக்க வேண்டும். பழைய சாய்க்கிற மாடலில் ஒரு கையால் சாய்த்தால் போதும், மாவு தானாக இறங்கும். பக்கவாட்டில் தேங்காய் துருவும் தலையும் உண்டு. அது சுற்றும், தேங்காய் மூடியை அதன்மேல் ஒரு கையால் வைத்துப் பிடித்தால் பூவாய்க் கொட்டும்.

இவற்றோடு, மேலிருந்து தட்டினால் காய் நறுக்கும் சின்ன சாப்பர் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். வெங்காயத்திடம் தோற்றவளாயிற்றே, அதன்மேல்தான் எனக்கு அபார நம்பிக்கை. இன்னும் மூன்று சாமான்களும் சேர ஏழு பெட்டி. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து ஜீப்பில் ஏற்றினார்.

ஜெசிந்தா

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். திராட்சைப் பந்தலில் மருந்தடித்த வாடை. வீட்டு வாசலில் சவரிமுத்து நின்றார். உள்ளே அடுப்படியில் அவருடைய அக்கா மரியபுஷ்பம் வியர்த்துப்போய்க் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். உத்தமபாளையத்தில் தன் குடும்பத்தை விட்டுவிட்டு ஆறு மாதமாகத் தம்பி வீட்டில் ஆக்கிப்போடுகிறவர்.

ஜெசிந்தா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருந்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வருவதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன மிஷின்தான் கொண்டாருவீக? கை இல்லாதவள வேடிக்க பாக்கவா வந்தீக?"

கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, என் வீட்டுக்காரரிடம் முதுகைத் திருப்பினேன். அவர் என் கையைக் கட்டினார். அப்படியே அடுப்படிக்குள் போய், கொக்கி மிக்ஸியை மாட்டி, ஒரு கையால் மிளகாயும் கொத்தமல்லியும் அள்ளிப் போட்டு, மூடி, ஓட்டிக் காட்டினேன். கொக்கியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளினேன். சரியாக விழவில்லை. மறுபடி தள்ளினேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா கதவோரம் வந்து நின்றிருந்தாள்.

"யாருக்கா ஒங்கள அப்பிடிக் கட்டிக்கிறச் சொன்னது? எனக்கு மணிக்கட்டுக்குக் கீழதான் இல்ல. இந்தா, முழங்கை இருக்குல்ல?"

தலைப்பை விலக்கினாள். குட்டையான அந்தக் கையால் மிக்ஸி ஜாரைக் குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்து, இடது கையால் இரண்டு கொக்கியையும் 'டக் டக்' என்று போட்டாள். ஐந்து நாள் நான் பட்ட பாடு அவளுக்கு ஒரு நொடி.

கையைக் கட்டிக்கொண்டு பழகியதற்குப் பதில், முதலிலேயே வந்து அவளைக் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அந்த வெட்கத்தால் ஒரு சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு அவளை அடுப்படிக்குள் கொண்டுவந்துவிட்டது. நஷ்டமில்லை.

அடுப்பை அமுக்கித் திருப்பினாள். நீலமாகப் பற்றியது. அணைத்தாள். மறுபடி பற்றவைத்தாள். நாலைந்து தடவை செய்தாள். மரியபுஷ்பம் கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"மதினி நல்லா ஆக்குவாகக்கா," என்றாள் ஜெசிந்தா என்னிடம், அவருக்கும் கேட்கும்படியாகவே. "ஆனா அது அவுக ருசி. என் வீட்டுல நான் விருந்தாளியா உக்காந்து திங்கேன்."

"எனக்கும் எங்க வீட்டு அடுப்பப் பாக்கணும்னு இருக்கு ஆத்தா," என்றார் மரியபுஷ்பம்.

அரிவாள்மனை வந்தது

கடைசியில் என் செல்லச் சாமானை எடுத்தேன். அந்தச் சாப்பர். ஜெசிந்தா ஒரு வெங்காயத்தை உரித்து வைத்து, மேலே தட்டினாள். பத்துத் தட்டு. தூக்கிப் பார்த்தால், ஒரு பக்கம் கூழ், ஒரு பக்கம் முழுசு, நடுவில் தண்ணீர்.

"இது வெங்காயத்த வெட்டலக்கா. அடிச்சுப் போட்டுருக்கு," என்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அருவாமனை எங்க?" என்றாள்.

சவரிமுத்து வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"அது வேணாம் ஜெசிந்தா."

"எங்க வச்சிருக்கீக?"

விபத்து நடந்த மறுநாளே அதை எடுத்து ஒளித்துவிட்டாராம். வீட்டில் இரும்பு விளிம்பு எதுவும் அவள் கண்ணில் படக் கூடாதென்று கத்திகளைக்கூட மேலே ஏற்றிவிட்டாராம். நான் நடுவில் புகவில்லை. ஏதாவது ஆகிவிட்டால், இந்த வீட்டுக்குள் சாமானோடு வந்தவள் நான்.

அவர் போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அரிவாள்மனையை எடுத்துவந்து, அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். பலகைமேல் காலை அழுத்தினாள். எவ்வளவு எளிமை பாருங்கள்! கத்தியில் வெங்காயத்தையும் பிடிக்க வேண்டும், கத்தியையும் பிடிக்க வேண்டும். அரிவாள்மனையில் கத்தியைக் கால் பிடித்துக்கொள்கிறது. காய் மட்டும்தான் கைக்கு. நான் ஐந்து நாளும் தேடிய, தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற சாமான் அது. எங்கள் கடையில் விற்பதில்லை என்பதால் என் கண்ணுக்கே தெரியவில்லை.

வெங்காயத்தை அலகில் அழுத்தினாள். மெல்ல இறங்கியது. இரண்டானது. ஒவ்வொரு பாதியையும் குப்புற வைத்து, குட்டைக் கையால் லேசாக முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். முதல் வெங்காயத்துக்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவப் போகவில்லை. மூன்றாவது வெங்காயத்தில் அவள் தலை நிமிர்ந்தது.

சவரிமுத்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் உளிச் சத்தம் கேட்டது.

குக்கர் மட்டும் மிச்சமிருந்தது. மூடியைத் திருகும்போது சுற்றாமல் இருக்க எந்தக் கம்பெனியும் வழி வைக்கவில்லை. வந்ததுமே இதை நான் சொல்லக் கேட்டிருந்த சவரிமுத்து கொல்லையிலிருந்து இரண்டு வேப்பங்கட்டைகளோடு திரும்பி வந்தார். சமையல் மேடையில் ஒரு பலகையைப் பொருத்தி, குக்கரின் கைப்பிடி இடையில் உட்காருகிற அளவுக்கு இரண்டு கட்டைகளையும் அதில் அறைந்தார். ஜெசிந்தா குக்கரை வைத்து மூடியைத் தள்ளினாள். பூட்டிக்கொண்டது. அவர் அங்கேயே நின்று, "இன்னொருக்க" என்றார். அவள் திறந்து மறுபடி பூட்டினாள்.

பதினோரு உறுப்பு மிஷினால் ஆகாதது இரண்டு கட்டைத் துண்டால் ஆனது.

திரும்பி வந்த நான்கு பெட்டிகள்

மறுநாள் முதலாளி பெட்டிகளை எண்ணினார். "ஏழு கொண்டு போன. மூணுதான் வித்துருக்க?"

"மிக்ஸி, அடுப்பு, சாய்க்கிற கிரைண்டரு, மூணு போதும். மத்தது அவுகளுக்கு வேணாம் மொதலாளி."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மூன்று வாரத்தில் உத்தமபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தன் வீட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்ட மரியபுஷ்பம் சொல்லி அனுப்பியவர்கள். பிறகு கோம்பையிலிருந்து, கம்பத்திலிருந்து. எல்லாரும் வாசலில் நின்று கேட்டது ஒன்றுதான்: "அந்த வேணாம்னு சொல்ற அக்கா இருக்காகளா?"

குடோனிலிருந்து என்னைக் கூப்பிட முதலாளியே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வெளிய ஆளு நிக்கிது, வா" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் கடைக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு, பிளக் பாயிண்ட் இழுத்து, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கொடுத்தார். யார் வீட்டில் ஓட்டப்போகிறார்களோ அவர்களே வந்து அரைத்துப் பார்க்கலாம், கழுவியும் பார்க்கலாம். அப்போது தேனியில் அப்படி ஒரு மேஜை எங்கள் கடையில்தான் இருந்தது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர்கள், கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லாரும் அந்த மேஜைக்கு வந்தார்கள். சிலர் பெரியது வாங்கினார்கள். சிலர் வெறுங்கையோடு போய், ஒரு வருடம் கழித்து வேறொன்றுக்கு வந்தார்கள். பின்னால் மின்வெட்டு வந்து பள்ளத்தாக்கே தவித்த நாட்களில், குமுளி சேச்சி காட்டித் தந்த பானையை நான் எத்தனை வீட்டுக்குள் இறக்கினேன் என்று நினைவில்லை.

சவரிமுத்துவின் அந்தப் பெரிய பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடம். அங்கே பதினோரு உறுப்பும் தினமும் ஓடியதாம். சாமானைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது போய்ச் சேர வேண்டிய வீடு ஜெசிந்தாவுடையது இல்லை, அவ்வளவுதான்.

புதுநன்மைப் பந்தி

ஜெசிந்தாவின் மகள் ரெஜினாவின் புதுநன்மைக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. வெள்ளை கவுனும் தலையில் பூ முடியுமாக அந்தப் பிள்ளை கோயிலிலிருந்து ஓடி வந்தது. ஒவ்வொருவரிடமும் அதே செய்தி: "எங்கம்மா சமையல்!"

பெரிய பானைகளை இறக்கி ஏற்ற ஆட்கள் இருந்தார்கள். கிண்டிக்கொடுக்க மரியபுஷ்பம் வந்திருந்தார். ஆனால் மசாலா முழுதும் ஜெசிந்தா அரைத்தது. தேங்காய் முழுதும் அவள் துருவியது. உப்பும் காரமும் அவள் நாக்கு பார்த்துச் சொன்னது.

பந்தியில் உட்கார்ந்தோம். கறிக்குழம்பின் மணம் இலைக்கு முன்னால் வந்துவிட்டது. பரிமாற ஆட்கள் வாளியைத் தூக்கியபோது ஜெசிந்தா தடுத்தாள். தானே பரிமாற வேண்டும் என்றாள்.

பரிமாற ஒரு கை போதாது. வாளியைத் தூக்க ஒன்று, கரண்டிக்கு ஒன்று. எந்தக் கடையிலும் இதற்குச் சாமான் கிடையாது என்று என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாளியைத் தூக்கினார். பரிமாறுவது பெரிய மனிதருக்கு அழகில்லை என்று நினைக்கிற ஊர் அது. யாரோ ஒருவர், "ஏலே சவரி, நீயா தூக்குற?" என்று கேலி செய்தார். அவர் காதில் வாங்கவில்லை.

அவள் ஒவ்வோர் இலையிலும் குனிந்தாள். அவர் வாளியை அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். அவள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். அவள் வலது கை தலைப்புக்குள் இல்லை. வெளியே, எல்லாரும் பார்க்கும்படி, மஞ்சள் படிந்து, எண்ணெயும் மசாலாவும் ஒட்டி இருந்தது.

என் இலைக்கு வந்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள். கறித்துண்டு பார்த்து இன்னொரு கரண்டி. மூன்றாவதற்கு அவள் வாளிக்குள் கரண்டியை விட்டபோது, போதும் போதும் என்று இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தேன்.

ஜெசிந்தா நிமிர்ந்து நின்றாள். நிறைந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது.

"கைய எடுங்கக்கா," என்றாள்.

எடுத்தேன்.